அட்ஜுவன்ட்: துணையூக்கியா, துணைமருந்தா?

கோழிகளுக்குப் போடும் செயலிழந்த தடுப்பூசிகளின் (வைரஸைக் கொன்று செய்பவை) குப்பியில், வைரஸின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் 'எண்ணெய் அட்ஜுவன்ட்' என்பது போல ஒரு வரி இருக்கும். தண்ணீரில் கலந்து கொடுக்கும் மூலிகைச் சாறுகளைப் பற்றிப் பேசும்போதும் இதே சொல் அடிபடுகிறது. இரண்டு இடத்திலும் பொருள் ஒன்றல்ல. தடுப்பூசியில் அட்ஜுவன்ட் என்பது, அது தூண்டும் நோய் எதிர்ப்பைக் கூட்டுவதற்காக உடன் சேர்க்கும் பொருள்.

'உதவு' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. படைத்தளபதிக்கு உதவியாக இருக்கும் அதிகாரியை 'அட்ஜுடன்ட்' என்பதும் அதே வேர்தான். மருந்துச் சீட்டில் முதன்மை மருந்துக்குத் துணையாக எழுதப்படும் மருந்தையும் பழைய மருத்துவர்கள் இப்படித்தான் அழைத்தார்கள்.

அதைத் தடுப்பூசிப் பக்கம் கொண்டுவந்தவர் காஸ்தோன் ரமோன் என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர். 1920களில் தொண்டை அடைப்பான் நோய்க்கான எதிர்நச்சை, அதாவது நோயின் நச்சை முறிக்கும் பொருளை, குதிரைகளிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ் கட்டிய குதிரைகளின் ரத்தத்தில் எதிர்நச்சு கூடுதலாக இருப்பதைக் கவனித்தார். அப்படியானால் வேண்டுமென்றே வீங்க வைத்தால் என்ன? மரவள்ளி மாவு, ரொட்டித் தூள், சாப்போனின் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஊசிமருந்தோடு கலந்து பார்த்தார். தாவரப் பொருளைத் தடுப்பூசியில் சேர்ப்பது ஏதோ இன்றைய புதுமை என்பவர்கள் இந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அலுமினிய உப்பு 1926-இல்தான் வந்தது, பிரிட்டனில் கிளென்னி என்ற ஆய்வாளர் மூலமாக.

பட்டியலில் நிலைத்து நின்றது சாப்போனின். 'சாப்போ' என்றால் லத்தீனில் சோப்பு. சாப்போனின் உள்ள பட்டையையோ காயையோ தண்ணீரில் போட்டுக் குலுக்கினால் நுரை பொங்கும். சிலி நாட்டுக் குயில்லாயா மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கும் சாப்போனின் கால்நடைத் தடுப்பூசிகளில் பல பத்தாண்டுகளாகப் பயன்படுகிறது. அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு கூறு மனிதர்களுக்கான அக்கித் தடுப்பூசியிலும் இருக்கிறது. இது செல்லின் சவ்வில் உள்ள கொலஸ்டிராலைப் பற்றிக்கொண்டு துளை போடும். கச்சாவாக, அளவு மீறிப் போனால் சிவப்பணுக்களே உடைந்துவிடும். அதனால்தான் சுத்திகரித்து, கொலஸ்டிராலோடும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்போடும் சேர்த்து நுண்கூடுகளாக்கித் தருகிறார்கள்.

சரி, கோழிக்கு இது எதற்கு? உயிருள்ள வைரஸ் தடுப்பூசியைக் கண்ணில் சொட்டாகவோ குடிநீரிலோ கொடுத்தால், வைரஸ் தானே பெருகி உடலை உஷார்ப்படுத்திவிடும். செயலிழந்த தடுப்பூசிக்கு அந்த வசதி கிடையாது. எண்ணெயோ சாப்போனினோ உடன் இருந்தால்தான் ஊசி போட்ட இடத்துக்கு எதிர்ப்புச் செல்கள் கூடும். எண்ணெய்க் குழம்பு என்றால் வைரஸ் துகள்கள் மெல்ல மெல்ல வெளியேறும். தனியாக ஊசியில் ஏற்றினால் துணையூக்கி எந்த நோய்க்கும் காப்பு தராது.

குடிநீரிலும் தீவனத்திலும் கொடுக்கும் தாவரச் சேர்மங்களின் கதை வேறு. ஜின்செங் சாப்போனினைத் தடுப்பூசிக்கு முன்பு சில நாள் குடிநீரில் கொடுத்தால் ராணிக்கெட் நோய்க்கு எதிரான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) கூடுகிறது என்று கோழிகளில் செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அது ஊசிக் குப்பிக்குள் இல்லை, கோழியின் குடலுக்குள் போகிறது. இதை 'நோய் எதிர்ப்புத் தூண்டி' என்பதே பொருத்தம். ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு ஏறியதாலேயே கோழி நோயிலிருந்து தப்பிவிடும் என்றும் சொல்ல முடியாது. வைரஸைக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கம்போரோ என்ற வைரஸ் நோயில் பர்சா என்ற உறுப்பே சிதைந்துபோன கோழிக்கு எந்தச் சாறும் பெரிதாக உதவாது. எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்கள் முதிர்வது அங்கேதான். 'பி' என்ற எழுத்தே பர்சாவிலிருந்து வந்தது.

தமிழில் என்ன எழுதுவது? 'துணைமருந்து' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சித்த மருத்துவத்தில் அது அனுபானத்துக்கு, அதாவது மருந்தைக் குழைத்துச் சாப்பிடும் பொருளுக்கு, உரிய சொல். தேனும் நெய்யும் நினைவுக்கு வரும். 'துணையூக்கி' மேல். முதல் இடத்தில் 'தடுப்பூசித் துணையூக்கி' என்று முழுதாக எழுதி, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். சாப்போனினுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை, அப்படியே எழுதலாம். புற்றுநோயில் அறுவைக்குப் பின் தரும் 'அட்ஜுவன்ட்' சிகிச்சைக்கு மட்டும் இந்தச் சொல் ஒத்துவராது. அதைத் 'துணைச் சிகிச்சை' என்றால் போதும். பூச்சிமருந்தோடு கலக்கும் அட்ஜுவன்ட்களில் ஒன்றுக்கு உழவர்களிடமே 'ஒட்டுத்திரவம்' என்ற பெயர் இருக்கிறது.