டாக்டரிடம் பேச மகளைக் கூட்டிப்போக வேண்டியதில்லை

மெக்சிகோ, எல் சால்வடார், குவாத்தமாலா போன்ற நாடுகளிலிருந்து அமெரிக்கா வந்து குடியேறிய குடும்பங்களில், பல நேரம் முதலில் ஆங்கிலம் பிடிபடுவது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குத்தான். அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்றாலும் சரி, அப்பாவுக்குப் புற்றுநோய் என்றாலும் சரி, டாக்டர் சொல்வதைப் பெற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் பாரம் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் தலையில் விழுகிறது. இது கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது.

ஒபாமாகேர் என்று எல்லோரும் சொல்லும் 2010 மருத்துவச் சட்டத்தின் 1557-ஆவது பிரிவுதான் அது. மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் வழியாக மத்திய அரசின் பணம் வாங்குகிற எந்த ஆஸ்பத்திரியும் ஒருவர் எந்த நாட்டுக்காரர் என்று பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது. ஆங்கிலம் சரியாக வராத ஒருவரை மொழி உதவியில்லாமல் விடுவதும் அந்தப் பாகுபாட்டில் சேர்த்தி. இதன் வேர் 1964 சிவில் உரிமைகள் சட்டத்தில் இருக்கிறது.

நோயாளி கேட்டால், தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஆஸ்பத்திரிதான் ஏற்பாடு செய்ய வேண்டும். ஆள் நேரில் வரலாம். போனிலோ வீடியோவிலோ பேசலாம். ஒரு பைசா வாங்கக்கூடாது. "ஆளை நீங்களே கூட்டிட்டு வாங்க" என்று சொல்லவும் கூடாது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளையை வைத்துப் பேசுவது, உடனடி ஆபத்துள்ள அவசரத்தில், சரியான ஆள் கிடைக்கும்வரை மட்டும்தான். சம்மதப் படிவம் போன்ற முக்கியமான காகிதங்களைக் கணினி மொழிபெயர்த்தால், தகுதியுள்ள மனிதர் ஒருவர் அதைச் சரிபார்க்க வேண்டும் என்று 2024 விதிகள் சொல்கின்றன.

குடியேற்றப் பேப்பர் இருக்கிறதா இல்லையா என்பதற்கும் இந்த உரிமைக்கும் சம்பந்தமில்லை.

ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க முடியாது. கலிபோர்னியாவின் ஆக்ஸ்னார்டில் ஸ்ட்ராபெரி தோட்டங்களில் வேலை செய்யும் மெக்சிகோவின் ஒஹாக்கா மாநிலத்துக்காரர்கள் பலருக்குத் தாய்மொழி மிஸ்டெக் என்ற பழங்குடி மொழி. ஓக்லண்டில் உள்ள குவாத்தமாலாக்காரர்கள் பலர் மாம் என்ற பழங்குடி மொழி பேசுகிறவர்கள். 'லத்தீனோ' என்று பார்த்ததும் ஸ்பானிஷ் ஆளைக் கூப்பிட்டுவிட்டால், நோயாளி மரியாதைக்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான். மிஸ்டெக்கிலிருந்து ஆங்கிலத்துக்கு நேராகப் பேச ஆள் கிடைக்காதபோது நடுவில் ஸ்பானிஷ் வைத்து இரண்டு பேர் மாற்றிச் சொல்வதும் உண்டு. மெதுவாகத்தான் நடக்கும், ஆனாலும் தலையாட்டலைவிட மேல். அதனால் முன்பதிவு செய்யும்போதே மொழியின் பெயரைச் சொல்லிவிடுவது நல்லது. பிள்ளைகளைப் பார்க்கப் போயிருக்கும் நம்மூர் அப்பா அம்மாக்களும் தமிழ் என்று சொல்லிக் கேட்கலாம், சட்டம் ஸ்பானிஷுக்கு மட்டும் எழுதப்படவில்லை.

2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக அறிவித்து, மொழி உதவி பற்றி 2000-இல் கிளிண்டன் போட்ட ஆணையை ரத்து செய்தார். அதைக் கேட்டு இனி எதுவும் இல்லை என்று ஒதுங்கிவிட வேண்டாம். அதிபர் ஆணை வேறு, நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் வேறு. 1557 அந்த ஆணையால் போய்விடவில்லை.

ஆஸ்பத்திரி மறுத்தால், மத்திய சுகாதாரத் துறையின் சிவில் உரிமைகள் பிரிவுக்கு 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். மறுத்தது யார், எந்தத் தேதி, என்ன சொன்னார் என்பதை அன்றைக்கே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.