காற்றில் கால் மாற்றும் குதிரை

வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: ரோடியோ எனப்படும் அமெரிக்க மாட்டிடையர் விளையாட்டுக் காணொளி ஒன்றில், பாய்ந்து வந்த குதிரை ஓர் இரும்பு டிரம்மைச் சுற்றித் தரையோடு தரையாகச் சாய்ந்து திரும்பியது, மேலே இருந்த பெண்ணும் கூடவே சாய்ந்தார், இருவரும் ஏன் விழவில்லை? சாய்வதால்தான் விழவில்லை என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் குதிரை சாய்வதற்குச் சற்று முன்னால் காற்றிலேயே ஒரு வேலையைச் செய்து முடித்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

விளையாட்டு எளிது. பேரல் ரேசிங் எனப்படும் இதில் மூன்று 200 லிட்டர் காலி டிரம்கள் முக்கோணமாக நிற்கும். முதல் இரண்டிற்கும் இடையே 90 அடி. அவற்றிலிருந்து மூன்றாவதற்கு 105 அடி. மூன்றையும் முழுமையாகச் சுற்றி மூவிலை வடிவில் ஓடித் தொடக்கக் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒரு டிரம் விழுந்தால் ஓடிய நேரத்தோடு 5 வினாடி கூடும். நல்ல குதிரைகள் முழு அளவுக் களத்தை 17 வினாடி அளவில் முடித்துவிடுவதால், அந்த 5 வினாடி வந்தாலே போட்டி கைவிட்டுப் போனதாகத்தான் பொருள். டெக்ஸாஸின் சான் ஆஞ்செலோவில் 1948இல் பெண்கள் கூடித் தங்களுக்கென ஒரு ரோடியோ சங்கத்தை அமைத்த பிறகே இப்போட்டி முறையாக வளர்ந்தது. 1992இல் தொடங்கிய நேஷனல் பேரல் ஹார்ஸ் அசோசியேஷன் நேர வித்தியாசத்தை வைத்துப் பிரிவுகள் வகுத்தது. அன்றைய மிக வேகமான ஓட்டத்தைவிட அரை வினாடி பிந்தியவர்களிலிருந்து இரண்டாம் பிரிவு தொடங்கும். அதற்கும் தனிப் பரிசு உண்டு. வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு குதிரையை வளர்த்து, வேலை முடிந்த மாலைகளில் பழகும் பெண்களும் இதனால் நம்பிக்கையோடு களமிறங்க முடிகிறது.

திருப்பத்தின் இயற்பியல் பள்ளியில் படித்ததுதான். வட்டப்பாதையில் செல்லும் பொருளுக்கு மையத்தை நோக்கிய விசை தேவை. வேகம் இரட்டித்தால் அவ்விசை நான்கு மடங்காகும். குதிரை 4 மீட்டர் ஆரத்தில், வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் திரும்புவதாகக் கொள்வோம். அப்போது தேவைப்படும் பக்கவிசை, குதிரையும் ஆளும் சேர்ந்த எடையில் ஏறக்குறைய 64 விழுக்காடு. சமநிலைக்கு வேண்டிய சாய்வு 32 பாகை. வேகத்தை 6 மீட்டராக்கினால் விசை 92 விழுக்காடாகவும் சாய்வு 42 பாகைக்கு மேலாகவும் எகிறிவிடும். இவ்வளவு விசையையும் குளம்பு மண்ணிலிருந்தே பெற வேண்டும். லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, குறுகிய வளைவுகளில் குதிரையின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது தரைப்பிடிப்பே என்றும், அகன்ற வளைவுகளில் காலின் தாங்குதிறனே என்றும் காட்டியது. போட்டிக்கு நடுநடுவே டிராக்டரால் மண்ணைக் கிளறிச் சமன் செய்வது இதற்காகத்தான்.

இனி அந்தக் காற்று வேலைக்கு வருவோம். பாயும் குதிரையின் கால்கள் இடமும் வலமும் ஒன்றுபோல இயங்குவதில்லை. இரு முன்னங்கால்களில் ஒன்று எப்போதும் மற்றதைவிட முன்னே எட்டி, கடைசியாக ஊன்றும். அதைச் சவாரிக்காரர்கள் 'லீட்' என்பார்கள். நாம் முந்துகால் என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் திரும்பும் குதிரைக்கு வலக்கால் முந்துகாலாக இருக்க வேண்டும். வளைவின் உட்புறத்தில் எட்டி ஊன்றும் அந்தக் கால்மீதுதான் சாய்ந்த உடல் உருண்டு கடக்கிறது. தவறான கால் முந்தினால் கால்கள் ஒன்றையொன்று குறுக்கிட, குதிரை அகலமாகச் சுற்றும் அல்லது இடறும்.

முதல் டிரம்மை வலமாகச் சுற்றும் குதிரை அடுத்த இரண்டையும் இடமாகச் சுற்றியாக வேண்டும். ஆகவே முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையிலுள்ள அந்த 90 அடிக்குள் முந்துகாலை மாற்றியாக வேண்டும். நான்கு கால்களும் ஊன்றி எழும் ஓட்டத்தின் நடுவே அது எப்படி முடிகிறது? வலக்கால் முந்தும் பாய்ச்சலில் முதலில் ஊன்றுவது இடப் பின்னங்கால். கடைசியில் வல முன்னங்கால். அது தரையை விட்டதும் குதிரை முழுவதுமாக அந்தரத்தில் இருக்கும். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வினாடிதான். வழக்கமாக அடுத்து இறங்க வேண்டியது இடப் பின்னங்கால். குதிரை அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, அதன் இடத்தில் வலப் பின்னங்காலை இறக்குகிறது. முன்னங்கால்களும் அதற்கேற்ப முறை மாறுகின்றன. வேகம் குறையாமலேயே ஓட்டத்தின் தாளம் கண்ணாடிப் பிம்பம்போல் திரும்பிவிடுகிறது. தோள்பட்டைக் காறை எலும்பு குதிரைக்குக் கிடையாது. முன்னுடல், தோள்பட்டைகளுக்கு நடுவே தசைத் தூளியில் தொங்குகிறது. மாறிய கால்கள்மேல் அவ்வளவு எளிதாக உடல் மறுபக்கம் சாய அந்தத் தூளியும் உதவுகிறது.

குதிரை அந்தரத்தில் நிற்கும் அக்கணம் உண்டா என்பதே ஒரு காலத்தில் வாதமாக இருந்தது. லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் என்ற செல்வந்தர் பணம் கொடுக்க, எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878இல் கலிஃபோர்னியாவில் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படமெடுத்துக் காட்டினார். ஓவியர்கள் தீட்டியதுபோல் கால்கள் நீட்டியிருக்கும்போது அல்ல, வயிற்றுக்கடியில் குவிந்திருக்கும்போதுதான் குதிரை தரையை விட்டிருந்தது. அக்குவிந்த நிலையில்தான் கால் மாற்றவும் வாகாக இருக்கிறது. விலங்கு இயக்கவியல் என்ற துறை வளர அந்தப் படங்கள் பெரிதும் உதவின.

கடிவாளத்தால் மட்டும் இதைச் செய்யவைக்க முடியாது. ஆளின் இடுப்பும் எடையும் அரைக்கணம் முன்னதாக மாற, குதிரை அதைப் புரிந்துகொள்ள வேண்டும். பேரல் ரேசிங் வீராங்கனை சார்மெய்ன் ஜேம்ஸ் 1984 முதல் 1993 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள் உலகப் பட்டம் வென்றது ஸ்கேம்பர் என்ற ஒரே குதிரையோடுதான். 1985 தேசிய இறுதிப் போட்டியின் ஒரு சுற்றில் ஓட்டத்தின் நடுவே அதன் கடிவாளம் கழன்று விழுந்தது; அப்படியே ஓடி அச்சுற்றையும் வென்றது. ரோடியோவில் மஞ்சள் உடை ராசியில்லை என்பார்கள். நம் ஊரிலும் சுழி பார்த்துக் குதிரை வாங்குவதுண்டு. இத்தகைய பழக்கத்தையும் புரிதலையும் சுழிக்கும் நிறத்திற்கும் ஏற்றிச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை, டெக்ஸாஸின் சிறிய களம் ஒன்றில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி தன் பதினேழு வயதுக் குதிரையை ஓட்டியதைப் பார்த்தேன். மூன்றாம் பிரிவில்தான் வந்தார். ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் பந்தயக் குதிரைகளின் கால்களையே நாடிச் செல்கிறது. இத்தகைய வீட்டுக் குதிரைகளுக்கு, சாய்ந்த திருப்பங்களில் தசைநாண் எங்கே எவ்வளவு தேய்கிறது என்று அளந்து சொல்வதற்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவரிடம் இருந்த கருவி அவருடைய விரல்கள்தான். சேணத்தை இறக்கும் முன்பே மண்டியிட்டு, முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே பின்புறமாக ஓடும் தசைநாணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, குளம்புவரை மெல்ல வருடிக்கொண்டே வந்தார். பிறகு மற்றக் காலையும் அப்படியே தொட்டுப் பார்த்தார். இரண்டிலும் ஒரே சூடு, எதிலும் காயமில்லை என்று உறுதியான பிறகுதான் எழுந்து, தன் நேரம் என்னவென்று கேட்டார்.