சுருட்டை கடித்தால் இரத்தம் ஏன் உறைவதில்லை?

தீவகத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "தம்பியின் காலில் சுருட்டை கொத்திவிட்டது. ஆஸ்பத்திரியில் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா வைத்திருந்தார்கள். மருந்து ஏற்றிய பிறகும் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பவில்லை. திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்தார்கள். ஏன்?"

நல்ல கேள்வி. முதலில் பாம்பைப் பற்றிக் கொஞ்சம். சுருட்டை விரியன் இலங்கையில் வறண்ட கரையோர மணலை விட்டு அதிகம் விலகாது. யாழ்ப்பாணமும் மன்னாரும் அதற்குச் சொந்த ஊர். பெரும்பாலும் ஒன்றரை அடிக்குள்தான் இருக்கும். நாகமும் எட்டடி விரியனும் முட்டையிட, இது புடையனைப் (கண்ணாடி விரியனைப்) போலக் குட்டி போடும். கோபம் வந்தால் உடலை வளைத்து, விலாச் செதில்களை ஒன்றோடொன்று உரசிச் 'சர்ர்' என்று ஒலி எழுப்பும். அந்தச் செதில்களின் முகட்டில் நுண்ணிய பற்கள் உண்டு. மூச்சை ஊதிச் சீறினால் உடலின் ஈரம் போய்விடும், தண்ணீர் கிடைக்காத மணலில் அது கட்டாது என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம்.

இனி இரத்தம். குருதி உறைதல் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: காயம் பட்டதும் இரத்தத்திலுள்ள, காரணிகள் எனப்படும் பல புரதங்கள் ஒன்றையொன்று கிளப்பிவிட, கடைசியில் புரோத்துரோம்பின் துரோம்பினாகும். துரோம்பின், கரைந்திருக்கும் பைபிரினோஜனைப் பைபிரின் வலையாக்கும். இந்த நீண்ட வரிசை வீணுக்கு வைத்ததல்ல. ஒவ்வொரு படியிலும் ஒரு தடுப்பு இருப்பதால்தான் காயம் பட்ட இடத்தில் மட்டும் இரத்தம் உறைகிறது.

சுருட்டையின் நச்சில் எக்காரின் என்றொரு நொதியம் இருக்கிறது. அது இந்த வரிசையையே மதிப்பதில்லை. நேரே போய்ப் புரோத்துரோம்பினை வெட்டுகிறது. கல்சியம் வேண்டாம், குருதிச் சிறுதட்டுகளின் கொழுப்புப் பரப்பு வேண்டாம், 5ஆம் காரணியும் வேண்டாம். புடையனின் நச்சுக்கூட 10ஆம், 5ஆம் காரணிகளைத் தூண்டிவிட்டு மிச்ச வேலையை நம் உடம்பிடமே விடுகிறது. சுருட்டைக்கு அந்தப் பொறுமையும் இல்லை!

அப்படியானால் இரத்தம் கட்டியாக அல்லவா வேண்டும்? இங்கேதான் வேடிக்கை. காயமே இல்லாத இடமெல்லாம் மெல்லிய பைபிரின் இழைகள் உருவாகின்றன. உருவாக உருவாக, உடம்பின் பிளாஸ்மின் அவற்றைக் கரைக்கிறது. உறைதலும் கரைதலும் ஓயாமல் நடந்து, பைபிரினோஜன் தீர்ந்துபோகிறது. அதே நேரம் நச்சின் வேறு நொதியங்கள் மயிர்க்குழாய்களின் சுவரை அரிக்கின்றன. கசிவு தொடங்கும்போது அடைக்கச் சரக்கில்லை. பல் முரசிலிருந்தும் கடிவாயிலிருந்தும் இரத்தம் நில்லாமல் வருவது இதனால்தான்.

கண்ணாடிக் குழாய்க்கு வருவோம். புதிய, சுத்தமான, காய்ந்த குழாயில் 2 மில்லிலீற்றர் அளவு இரத்தத்தை விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு ஒரு தடவை சரித்துப் பார்ப்பார்கள். கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீராக ஓடினால் நச்சு வேலை செய்கிறது என்று பொருள். ஏன் கண்ணாடி? கண்ணாடியின் பரப்பு பட்டதும் 12ஆம் காரணி விழித்து உறைதலைத் தொடக்கும். பிளாஸ்டிக்கை நம்பமுடியாது. சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயும் ஏமாற்றும். மின்சாரமே இல்லாத வார்டிலும் செய்யக்கூடிய இந்தச் சோதனையின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

விஷமுறி மருந்து நச்சைப் பிடித்துக் கட்டுமே தவிர, தீர்ந்த பைபிரினோஜனைத் திருப்பித் தராது. மோட்டரை நிறுத்தினாலும் இறைத்து வற்றிய கிணறு ஊற நேரம் வேண்டும் அல்லவா? ஈரல் புதிதாகச் செய்து முடிக்கப் பல மணி நேரமாகும். ஆகவே 6 மணிக்கொரு தடவை இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். தம்பியைத் துண்டு வெட்டாமல் வைத்திருந்தது சரியே.

பார்வை பார்ப்பவர்களும் விஷக்கல் வைப்பவர்களும் குணப்படுத்திக் காட்டுகிறார்களே என்பார்கள். பாம்பு கடிக்கும்போதெல்லாம் நச்சு இறங்குவதில்லை. இறங்காத கடிக்கு எந்தக் கல்லும் மருந்துதான். கல்லால் மட்டும் நேரம் போகும். கடிவாயைக் கீறுவதோ அதைவிட மோசம். உறையாத இரத்தத்தில் கீறல் போட்டால் யார் நிறுத்துவது?

எனக்கு வேறொரு மனக்குறை உண்டு. நாம் பயன்படுத்தும் விஷமுறி மருந்து இந்தியாவிலிருந்து வருவது. அங்குள்ள நாகம், எட்டடி விரியன், புடையன், சுருட்டை ஆகியவற்றின் நச்சைக் குதிரைக்கு ஏற்றிச் செய்வது. ஒரே இனப் பாம்பின் நச்சும் இடத்துக்கிடம் வேறுபடும். நம் மணலில் திரியும் சுருட்டையின் நச்சைச் சேகரித்து ஆராய, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியலும் மருத்துவமும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. இதற்கு ஒதுக்கும் காசு பாம்புக்கடியோடு முடிந்துவிடாது. மாரடைப்பு வந்தவர்களுக்கு ஏற்றும் டைரோபிபான் என்ற மருந்தே, சுருட்டை நச்சிலிருந்து பிரித்தெடுத்த எக்கிஸ்டாட்டின் என்ற புரதத்தைப் பார்த்து வடிவமைத்ததுதான்.