சிவப்புத் தொலைபேசி அல்ல, துளை போட்ட காகித நாடா

1962 அக்டோபர் 26. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிற்கின்றன, கடலில் அமெரிக்கக் கப்பல்கள் வழிமறித்து நிற்கின்றன. சோவியத் தலைவர் குருஷ்சேவ் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு எழுதிய நீண்ட கடிதம் மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் கைக்கு மாலை 4.43-க்கு வந்தது. வாஷிங்டனில் அப்போது காலை 9.43. தூதரகம் அதை மொழிபெயர்த்துச் சங்கேதமாக்கித் துண்டு துண்டாகத் தந்தியில் விட்டது. கடைசித் துண்டு வாஷிங்டனில் பிரித்துப் படிக்கப்பட்டபோது இரவு 9 மணி ஆகிவிட்டது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைக்கு அதே தூரம் அரை மணி நேரம்தான்.

எதிர்த்திசையில் நிலைமை இன்னும் மோசம். வாஷிங்டனில் சோவியத் தூதராக இருந்த டோப்ரினின், சங்கேதத் தந்திகளைச் சைக்கிளில் வரும் தந்திக்காரப் பையனிடம் கொடுத்தனுப்பினார். வழியில் எங்காவது நின்று அரட்டை அடிக்காமல் நேரே தந்தி ஆபீசுக்குப் போக வேண்டுமே என்பதுதான் அவருடைய கவலை. ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக 28-ஆம் தேதி குருஷ்சேவ் முடிவெடுத்தபோது, தந்தியை நம்பிக் காத்திருக்க நேரமில்லாமல் மாஸ்கோ வானொலியிலேயே வாசிக்கச் சொல்லிவிட்டார்கள்.

இதற்கு மருந்தாக 1963 ஜூன் 20 அன்று ஜெனீவாவில் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. அதில் பிறந்த நேரடி இணைப்பின் பெயர்தான் ஹாட்லைன். கேலிச் சித்திரங்களில் வரும் சிவப்புத் தொலைபேசி அதில் ஒருநாளும் இருந்ததில்லை. இருந்தது டெலிபிரிண்டர். அந்தக் காலத்துப் பத்திரிகை ஆபீசில் கடகடவென்று செய்தி அடித்துத் தள்ளிக்கொண்டிருந்த அதே வகை இயந்திரம்.

பேசும் வசதி இருக்கும்போது ஏன் தட்டச்சு? குரலுக்குத் தொனி உண்டு. நம்மூரில் "பார்க்கலாம்" என்ற சொல் சம்மதமா மறுப்பா என்பது சொல்கிறவரின் குரலை வைத்துத்தான் தெரியும். இரண்டு தலைவர்கள், நடுவில் ஒரு துபாஷி, தூக்கம் கெட்ட நள்ளிரவு என்றால் கேட்கவே வேண்டாம். எழுத்தில் வந்தால் பத்து முறை படிக்கலாம், ஆலோசகர்களைக் கூட்டலாம், "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று பின்னால் யாரும் மறுக்க முடியாது. ஆகவே விதி இப்படி அமைந்தது: அமெரிக்கா ஆங்கிலத்தில் அனுப்பும், மாஸ்கோ ரஷ்ய மொழியில் அனுப்பும், மொழிபெயர்ப்பது பெறுகிறவரின் வேலை. அனுப்புகிற பக்கத்து மொழிபெயர்ப்பாளர் அவசரத்தில் ஒரு சொல்லை மாற்றிப்போட்டால், அது அதிகாரபூர்வமான வாசகமாகிவிடும் அபாயம் இதில் இல்லை.

இரண்டு மொழி என்றால் இரண்டு எழுத்து வரிசை. அதனால் இயந்திரங்களையே பண்டமாற்று செய்துகொண்டார்கள். நாலு அமெரிக்க டெலிபிரிண்டர்கள் மாஸ்கோவுக்குப் போயின. கிழக்கு ஜெர்மனியில் செய்த, ரஷ்ய மொழிக்கான சிரிலிக் எழுத்து அடிக்கும் நாலு இயந்திரங்கள் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பெண்டகனுக்கு வந்தன. ஓராண்டுக்கான உதிரிபாகங்களும் கூடவே தரவேண்டும் என்று ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதியே வைத்தார்கள். எதிரி நாட்டு இயந்திரத்தில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் எந்தக் கடையில் போய் வாங்குவது?

டெலிபிரிண்டரின் உள்ளே நடப்பது எளிய சங்கதி. ஒவ்வோர் எழுத்தும் ஐந்து துடிப்புகளாக மாறும். ஒவ்வொரு துடிப்பும் 'உண்டு' அல்லது 'இல்லை', அதாவது 1 அல்லது 0. காகித நாடாவில் 1 என்றால் துளை, 0 என்றால் வெறும் இடம். நாடாவின் அகலம் சுமார் 17 மில்லிமீட்டர். ஓர் அங்குல நீளத்தில் பத்து எழுத்துகள் அடங்கும். ஐந்து இடங்களில் மொத்தம் 32 சேர்க்கைகள்தான் வரும். 26 ஆங்கில எழுத்துகளுக்கே அது சரியாகப் போய்விடுகிறது, எண்களுக்கு இடமில்லை. அதனால் 'இனி எண்கள்', 'இனி எழுத்துகள்' என்று மாற்றிச் சொல்ல இரண்டு சேர்க்கைகளை ஒதுக்கினார்கள். கம்பியில் வந்த இரைச்சலால் அந்த மாற்றுக் குறி ஒன்று கெட்டுப்போனால், அடுத்த வரி முழுவதும் எண்களும் நிறுத்தக்குறிகளுமாகக் கொட்டும். பழகிய ஆபரேட்டர் அதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வார்.

கம்பி போன வழி வாஷிங்டன், லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி, மாஸ்கோ. இத்தனை ஊர்த் தந்தி நிலையங்களைத் தாண்டிப் போகிற செய்தியை நடுவில் யாரும் ஒட்டுக்கேட்கலாம். ஆகவே பூட்டு வேண்டும். அந்தப் பூட்டு எதிராளிக்குத் திறந்துகொடுக்க வேண்டிய பூட்டு. மற்றவர் யாருக்கும் திறக்கக் கூடாது. அதோடு, அமெரிக்காவின் சொந்தச் சங்கேத நுட்பம் எதுவும் ரஷ்யர் கையில் சிக்கக் கூடாது; ரஷ்யர்களுக்கும் அதே நிபந்தனை.

இதற்கு அவர்கள் எடுத்த கருவி, ஆஸ்லோவில் செய்து வெளிச்சந்தையில் யாருக்கும் விற்றுக்கொண்டிருந்த ஒரு நார்வே நாட்டுப் பெட்டி: இ.டி.சி.ஆர்.ஆர்.எம். ரகசியமே இல்லாத பெட்டி. ரகசியமெல்லாம் அதற்குள் ஓடும் சாவி நாடாவில்தான்.

அதன் கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். ஆங்கில 'ஏ' எழுத்தின் குறி 11000. சாவி நாடாவில் அந்த இடத்தில் 01101 என்று துளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் இடத்துக்கு இடம் ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் 0, வேறுபட்டால் 1. கிடைப்பது 10101. டெலிபிரிண்டர் குறியில் அது 'ஒய்'. கம்பியில் போவது இந்த 'ஒய்' மட்டுமே. மறுமுனையில் அதே சாவியின் அதே இடத்தோடு மறுபடி ஒப்பிட்டால் 11000, பழைய 'ஏ' திரும்பி வந்துவிடும். பூட்டுவதும் திறப்பதும் ஒரே செயல் என்பதால் இயந்திரம் எளிமையாகிறது. அமெரிக்கப் பொறியாளர் கில்பர்ட் வெர்னம் முதல் உலகப்போர்க் காலத்தில் கண்ட முறை இது.

சாவி முழுக்கத் தாறுமாறாக இருந்து, செய்தியின் நீளத்துக்குக் குறையாமலும் இருந்து, ஒரே ஒரு தடவை மட்டும் பயன்பட்டால் இதை உடைக்கவே முடியாது. கணினி எவ்வளவு பெரிதானாலும் முடியாது. கிளாட் ஷானன் 1949-இல் வெளியிட்ட நிரூபணம் இது. காரணம் சிக்கலானதல்ல. கையில் கிடைத்த 'ஒய்', எந்த எழுத்திலிருந்தும் சம வாய்ப்போடு வந்திருக்கலாம். திருடன் 32 சாவிகளையும் போட்டுப் பார்த்தாலும் 32 விடைகளும் ஒரேபோல் நம்பும்படி நிற்கும்.

'ஒரே தடவை' என்ற நிபந்தனையை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு சோவியத் தரப்பே சாட்சி. 1942-இல் போர் நெருக்கடியில் அவர்கள் சாவித் தாள்கள் சிலவற்றை இரண்டு பிரதியாக அச்சடித்துவிட்டார்கள். ஒரே சாவியில் பூட்டிய இரண்டு செய்திகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் சாவி கழன்று விழுந்துவிடும். எஞ்சுவது இரண்டு செய்திகளின் வேறுபாடு மட்டும். மொழியின் வழக்கமான சொற்களை அதில் பொருத்திப் பொருத்திப் பிரித்துவிடலாம். அமெரிக்கர்கள் வெனோனா என்ற பெயரில் பல ஆண்டுகள் செய்த வேலை அதுதான்.

கணக்கு உடையாவிட்டாலும் இயந்திரம் கசியும். ரிலே என்ற மின்விசைகளை வைத்துச் செய்தியையும் சாவியையும் கலந்த பழைய அமெரிக்கப் பெட்டி ஒன்று, ரிலே தட்டும் ஒவ்வொரு தடவையும் சிறு மின் அலையை எழுப்பியது. அந்த அலைகளை எட்டத்தில் வைத்த அலைகாட்டியில் பார்த்தே மூலச் செய்தியைப் படிக்க முடிந்தது. 1943-இல் தெரியவந்த சங்கதி இது. சங்கேத அறைகளுக்கு உலோகக் கவசம் போடும் பழக்கம் பின்னால் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹாட்லைன் ஏற்பாட்டில் என்னை மிகவும் கவர்வது, சாவி நாடாவை யார் தயாரிப்பது என்ற பிரிவு. வாஷிங்டன் அனுப்பும் செய்திகளுக்கான சாவியை வாஷிங்டனே துளையிட்டு, மாஸ்கோவில் உள்ள தன் தூதரகம் வழியாக அங்கே ஒப்படைக்கும். மாஸ்கோ அனுப்புவதற்கான சாவி வாஷிங்டனின் சோவியத் தூதரகம் வழியாக வரும். தன் செய்தியைப் பூட்டும் சாவி எவ்வளவு தாறுமாறானது என்பதற்கு அவரவரே பொறுப்பு. எதிராளியை நம்பத் தேவையில்லை. ஒருவரை ஒருவர் துளியும் நம்பாத இருவர் எழுதிய உடன்படிக்கை என்பது இந்த ஒரு பிரிவிலேயே தெரிகிறது.

நடைமுறையில் பெரிய தொல்லை இடம் தவறுதல். கம்பியில் ஒரு துடிப்பு திரிந்தால் ஓர் எழுத்துதான் கெடும், வாசிக்கிறவர் ஊகித்துக்கொள்வார். ஒரு முழு எழுத்தே வழியில் தொலைந்தாலோ, இரைச்சலை எழுத்தென்று நினைத்து இயந்திரம் ஓரடி முன்னே போய்விட்டாலோ, மறுமுனையில் சாவி நாடா ஒரு துளை வரிசை விலகிவிடும். அதற்குப் பிறகு வருவது முழுக்கக் குப்பை. ஆபரேட்டர்கள் நிறுத்தி, நாடாவை ஒத்துக்கொண்ட இடத்தில் வைத்து, கெட்ட பகுதியை மறுபடி அனுப்ப வேண்டும். பழைய சாவிப் பகுதியை மறுபடி உபயோகிக்கக் கூடாது என்பதால் புதிய இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாடா செலவாகும் வேகத்தையும் பாருங்கள். கியூபா நெருக்கடியில் வந்ததுபோல் 2,750 சொற்கள் கொண்ட கடிதம் என்றால், இடைவெளியோடு சேர்த்துச் சொல்லுக்கு ஆறு எழுத்து வைத்தால் 16,500 எழுத்து. அங்குலத்துக்குப் பத்து என்றால் 42 மீட்டர் சாவி நாடா போயே போச்சு. நிமிடத்துக்கு 66 சொல் வேகத்தில் அதை அனுப்ப 42 நிமிடம். ஏவுகணை கிளம்பிவிட்ட பிறகு இந்தக் கம்பியால் பெரிய பிரயோஜனம் கிடையாது. கிளம்புவதற்கு முந்தைய நாட்களுக்கானது இது.

1963 ஆகஸ்ட் 30 அன்று இணைப்பு சேவைக்கு வந்தது. முதல் சோதனைச் செய்தி, ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் வரும்படி அமைத்த, சோம்பேறி நாயைத் தாண்டிக் குதிக்கும் நரி பற்றிய வாக்கியமும் பத்து எண்களும். எல்லா விசையும் சரியாக அடிக்கிறதா என்று பார்க்க அதுதான் வழக்கம். அதன் பிறகு மணிக்கு ஒரு சோதனை: இரட்டைப்படை மணியில் அமெரிக்கா, ஒற்றைப்படை மணியில் சோவியத். இலக்கியப் பத்திகளும் கலைக்களஞ்சியக் குறிப்புகளும் போகும்; மொழிபெயர்ப்பாளர்களுக்கும் கை பழகும். மறுதரப்பைக் குத்திக்காட்டுவதாகத் தோன்றக்கூடிய எதையும் தொடமாட்டார்கள்.

கம்பி அறுந்த கதைகளில் எதிரியின் சதி எதுவுமில்லை. பின்லாந்தில் உழவர் ஒருவரின் ஏர் கம்பியை அறுத்தது. டென்மார்க்கில் புல்டோசர். அமெரிக்காவின் பால்டிமோர் பக்கம் ஆள்நுழைகுழிக்குள் தீ. டான்ஜியர் வழியாக ஒரு வானொலி இணைப்பும் இருந்தது. ஆனால் சிற்றலை வானொலி அயனமண்டலத்தின் தயவில் ஓடுவது, சூரியன் சீறினால் படுத்துவிடும்.

பெரிய நெருக்கடியில் முதல் உபயோகம் 1967 ஜூன் 5, இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் ஆறு நாள் போர் மூண்ட காலை. சோவியத் பிரதமர் கோசிகின் செய்தி அனுப்பினார். அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாராவுக்கு அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது: கம்பி பெண்டகனோடு நின்றுவிடுகிறது, வெள்ளை மாளிகைக்குப் போகவில்லை. இவ்வளவு ஏற்பாடு செய்தும் கடைசி இரண்டு மைல் விட்டுப்போயிருந்தது, அவசரமாக இணைத்தார்கள். இன்னொரு வேடிக்கை. கோசிகினை எப்படி விளிப்பது என்று அமெரிக்க ஆபரேட்டர்கள் மாஸ்கோ ஆபரேட்டர்களைக் கேட்க, "தோழர் கோசிகின்" என்று பதில் வந்தது. அமெரிக்க ஜனாதிபதியின் செய்தி அப்படியே "தோழர்" போட்டுப் போய்விட்டது.

அந்தப் போரில் சுமார் 20 செய்திகள் பரிமாறப்பட்டன. ஜூன் 8 அன்று அமெரிக்க உளவுக்கப்பல் லிபர்ட்டியை இஸ்ரேலியர்கள் தாக்கியபோது, அமெரிக்க விமானங்கள் கிளம்பின. அவை அந்தக் கப்பலைத் தேடித்தான் போகின்றன என்று ஜனாதிபதி ஜான்சன் உடனே மாஸ்கோவுக்குச் சொல்ல முடிந்தது. ராடாரில் புள்ளிகளைப் பார்த்துச் சோவியத் படைத்தலைவர்கள் வேறு கணக்குப் போட்டிருக்கக்கூடிய இடம் அது. ஹாட்லைன் தன் செலவை ஈடுகட்டிய நாள் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

நமக்கும் இதில் ஒரு சம்பந்தம் உண்டு. 1971 டிசம்பர் 12 அன்று, வங்கதேசப் போரின் உச்சத்தில், நிக்சன் பிரெஷ்னெவுக்கு இந்தக் கம்பி வழியே செய்தி அனுப்பினார். அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவை நோக்கி வந்துகொண்டிருந்த நாட்கள் அவை.

அதே ஆண்டு செப்டம்பரில்தான் செயற்கைக்கோளுக்கு மாற ஒப்பந்தம் கையெழுத்தானது. ஓடத் தொடங்கியது 1978 ஜனவரியில். இரண்டு தனித்தனிப் பாதைகள். அமெரிக்கா பக்கம் இன்டெல்சாட், நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் அசையாமல் நிற்பதுபோல் தெரியும் செயற்கைக்கோள். சோவியத் நாட்டின் பெரும்பகுதி வடக்கே தள்ளி இருப்பதால், அங்கிருந்து பார்த்தால் அத்தகைய கோள் அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்துவிடும். அவர்கள் மோல்னியா என்ற நீள்வட்டப் பாதையை வைத்திருந்தார்கள். ஒரு முனை பூமிக்குச் சில நூறு கிலோமீட்டர் பக்கத்தில், மறுமுனை வடதுருவத்துப் பக்கமாக 40,000 கிலோமீட்டர் உயரத்தில். ஊஞ்சல் உச்சியில் நின்று தயங்குவதைப்போல, சுற்றின் 12 மணி நேரத்தில் பெரும்பகுதியை அது வடக்கிலேயே கழிக்கும். ஒன்று தாழப்போகும் முன் அடுத்தது உச்சிக்கு வரும்படி பல கோள்களை வரிசையாக விட்டார்கள்; தரை நிலையங்களின் ஆன்டெனா ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

1984-இல் இன்னோர் ஒப்பந்தம், 1986-இல் தொலைநகல் வந்து சேர்ந்தது. எழுத்தில் விவரிக்க முடியாத ஒன்றை, ஒரு வரைபடத்தில் கப்பல் நிற்கும் இடத்தைப் புள்ளி வைத்து, அப்படியே அனுப்ப முடிந்தது. 2008 முதல் அது பாதுகாக்கப்பட்ட கணினி இணைப்பு, மின்னஞ்சல். குரல் மட்டும் அதில் முக்கிய வழியாக ஆகவே இல்லை.