மாற்றமில்லாமல் இருக்கத்தான் அந்த மருந்து

கண் துளிமருந்தை நிறுத்திவிட்டு வந்தவர்களில் இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்து வந்த 58 வயது விவசாயி. வரம்பில் நடந்து போனவர் கால் வைத்த இடம் தெரியாமல் நீர் பாய வெட்டிய வக்கடைக்குள் விழுந்துவிட்டார். கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்று நினைத்துத்தான் மகள் கூட்டிக்கொண்டு வந்தாள். கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன்பே குளுக்கோமா (பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு சாகும் நோய்) என்று எழுதித் துளிமருந்தும் தொடங்கியிருக்கிறது. மகள் பையிலிருந்து மூன்று போத்தல்களை எடுத்து மேசையில் வைத்தாள். மூன்றிலும் மூடியின் முத்திரை உடையவில்லை.

"அஞ்சு மாசம் ஒழுங்கா விட்டன் டொக்டர். பார்வையில ஒரு மாற்றமும் இல்ல. அதான் நிப்பாட்டினன்."

கண்ணழுத்தம் வலக்கண்ணில் 28, இடக்கண்ணில் 36. பொதுவாக 10 முதல் 21 மி.மீ. இரசம் வரை இருக்க வேண்டியது. பார்வை நரம்பின் முகப்பு இளஞ்சிவப்பான வட்டம், அதன் நடுவில் வெளிறிய சிறு குழி இருக்கும். அவருடைய இடக்கண்ணில் அந்தக் குழி வட்டம் முழுவதையும் விழுங்கி, ஓரத்தில் நூலளவு சிவப்பைத்தான் விட்டுவைத்திருந்தது.

மாற்றம் இல்லை என்று மருந்தை நிறுத்துகிறீர்களே, மாற்றம் இல்லாமல் இருக்கத்தான் அந்த மருந்தே! அது பார்வையைக் கூட்டுவதற்கு அல்ல. இருக்கிற பார்வை இருந்த இடத்தில் நிற்பதற்கு. ஐந்து மாதம் விட்டும் பார்வை அப்படியே இருந்தது என்றால் மருந்து தன் வேலையைச் செய்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குக் கற்றராக் (கண்புரை) வெட்டி லென்ஸ் வைத்ததும் மறுநாளே ஊசியில் நூல் கோர்த்தார், எனக்கும் அப்படி ஒன்று செய்யுங்கள் என்று கேட்கிறார்கள். அவருக்கு மங்கியது லென்ஸ். உங்களுக்குச் சாவது நரம்பு. "பழுக்கட்டும், மறுகா வெட்டுவம்" என்று காத்திருக்க இது கற்றராக் இல்லை. பிரஷர் குளிசை போடுகிறேன், கண் பிரஷரும் குறையும்தானே என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: அது இரத்தத்தின் அழுத்தம், இது கண்ணுக்குள் ஊறும் நீரின் அழுத்தம். ஒன்றுக்குப் போடும் குளிசையை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

அந்த விவசாயிக்கு, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வைத்துத்தான் விளக்கினேன். ஆற்றுவாயை மண் மூடினால் வாவி நீர் ஏறி வயல் வட்டைக்குள் நிற்கும். ஆற்றுவாயை வெட்டிவிட்டால் நீர் வடியும். ஆனால் அதற்குள் அழுகின பயிர் எழும்பி நிற்காது. "ஓம், அது நிக்காதுதான்" என்றார். அதன்பிறகுதான் அவர் முகத்தில் பயம் தெரிந்தது.

கண் நரம்பாகிய இந்தப் பயிர் எப்படி அழுகுகிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விழித்திரையில் திரட்டுக்கலங்கள் என்று பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நரம்புக்கலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நீண்ட இழையை மூளை வரைக்கும் அனுப்புகிறது. இழைகள் எல்லாம் சேர்ந்து கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் அரிதட்டுப் போல ஒரு சல்லடைத் தட்டு உண்டு. அழுத்தம் கூடும்போது அந்தத் தட்டு பின்னால் வளைந்து இழைகளை நெரிக்கிறது. இழைக்குள் இரண்டு திசையிலும் ஓயாத போக்குவரத்து நடக்கும். மூளைப் பக்கமிருந்து வரும் பிடிஎன்எஃப் என்ற புரதம் கலத்துக்கு உயிர் காக்கும் செய்தி மாதிரி. நெரிபட்ட இடத்தில் அது தேங்கி நின்றுவிடுகிறது. சக்தி தரும் இழைமணிகளும் அந்த இடத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன, அவையும் களைத்துப்போகின்றன.

செய்தி வராத கலம் தானாகவே தன்னை அழிக்கத் தொடங்குகிறது. ஜேஎன்கே என்ற நொதியம் விழித்துக்கொள்ள, பாக்ஸ் என்ற புரதம் இழைமணியில் ஓட்டை போட, கஸ்பேஸ் நொதியங்கள் கலத்தை உள்ளிருந்தே வெட்டித் தள்ளுகின்றன. சுற்றியிருந்து காவல் காக்க வேண்டிய துணைக்கலங்களும் கிளர்ந்து, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்களைக் கக்கி நிலைமையை இன்னும் மோசமாக்குகின்றன. அழுத்தம் 21ஐத் தாண்டாதவர்களிலும் இந்த நரம்புச் சேதம் வருவதுண்டு. அதனால் அழுத்தத்தை மட்டும் அளந்து "நோர்மல்" என்று அனுப்பிவிடக் கூடாது, நரம்பையும் பார்க்க வேண்டும் என்பதை எங்கள் தொழில் ஆட்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

செத்த திரட்டுக்கலத்துக்குப் பதிலாக உடம்பு இன்னொன்றைச் செய்வதில்லை. நரம்பையே நேரடியாகக் காக்கும் மருந்துக்கு முயற்சி நடக்காமல் இல்லை. மறதி நோய்க்குக் கொடுக்கும் மெமன்டினைப் பெரிய அளவில் சோதித்தார்கள், பலன் தரவில்லை. நிகோடினமைட் என்ற பி3 விட்டமின் எலிகளின் நரம்பைக் காத்ததாக 2017இல் ஆய்வு வந்தது. அதைக் கேள்விப்பட்டுப் பாமசியில் வாங்கிக் கண்டபடி விழுங்காதீர்கள், பெரிய அளவில் எடுத்தால் ஈரல் பழுதாகலாம். இன்றைக்கு எங்கள் கையில் உறுதியாக இருப்பது அழுத்தத்தைக் குறைப்பது ஒன்றுதான். துளியாலோ, லேசராலோ, சத்திரசிகிச்சையாலோ.

"எனக்குத் தெரியாமல் எப்படி இவ்வளவு போனது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலானோருக்கு இது வலிப்பதில்லை. போன இடம் கறுப்பாகவும் தெரியாது. ஒரு கண்ணில் விட்டதை மற்றக் கண் எடுத்துக் கொடுக்கும், மிச்சத்தை மூளை நிரப்பிவிடும். இவர் வலக்கண்ணால் பலகையின் கடைசி வரிக்கு முந்தியதை இன்னும் வாசிக்கிறார். இழைகளில் கால்வாசிக்கு மேல் அழிந்த பிறகுதான், சுற்றுப்புறம் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கும் பார்வைப்புலப் பரிசோதனையிலேயே அது தெளிவாகப் பிடிபடுகிறது.

ஆகவே, துளியைச் சொன்ன நேரத்துக்கு விடுங்கள். கீழிமையை இழுத்து ஒரே துளி, கண்ணை மூடி மூக்கோரத்தை இரண்டு நிமிடம் அமத்திப் பிடியுங்கள். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடம். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், டிமோலோல் என்ற துளிமருந்து உங்களுக்கு ஆகாது. வேளாண்மை வெட்டும்போது தூசு விழுந்து கண் சிவந்தால் பாமசியில் ஸ்டீரொயிட் துளி கேட்டு வாங்காதீர்கள், நாள்கணக்கில் விட்டால் அதுவே பலருக்கு அழுத்தத்தைக் கூட்டிவிடும். திடீரென்று கண் வலித்துச் சிவந்து, வாந்தியும் வந்து, பல்பைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், அந்த இரவே வாருங்கள்.

குளுக்கோமா உள்ளவரின் கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. தயவுசெய்து அவர்களைக் கூட்டிவாருங்கள். கண் நன்றாகத் தெரிகிறது என்பது ஒரு காரணமே அல்ல.

அன்றைக்கு மகளைக் கொண்டே முதல் துளியை விடச் சொன்னேன். கை நடுங்கி அது கன்னத்தில் வழிந்தது. இரண்டாவது உள்ளே விழுந்தது. அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் நாலு பேர். சென்ற வாரம் தங்கை வந்தார். அழுத்தம் 26, நரம்பு இன்னும் பழுதில்லாமல் இருக்கிறது. மருந்து தொடங்கியாயிற்று. மற்ற மூவரையும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.