தூக்கம் வராவிட்டால் பாயைச் சுருட்டு

வடசென்னை காசிமேட்டில் எங்கள் வீட்டு விளக்கு இரவு இரண்டு மணிக்கே எரியும். அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை பார்த்தார். ஏலம் களைகட்டுவதற்கு முன்னால் ஐஸ் போய்ச் சேர வேண்டும். அம்மா எழுந்து டீ போடுவார், அப்பா குடித்துவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்புவார். முப்பது வருடம் இப்படியே போனது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை இருக்காது. அந்த நாட்களிலும் இரண்டு பேரும் இரண்டு மணிக்கு விழித்து இருட்டில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அப்பா போய் நாலு வருடம் ஆகிறது. டீ போட வேண்டிய அவசியம் இல்லை. அம்மாவின் விழிப்பு மட்டும் மாறவில்லை. “கண்ணு கொட்ட கொட்ட முழிச்சிகினு கெடக்குறேன். ரோட்டுல போற கண்டெய்னர் லாரிய எண்ணிகினு கெடக்குறேன்” என்பார். ராத்திரி சரியாகத் தூங்க முடிவதில்லையே என்று எட்டரைக்கே பாயை விரித்துவிடுவார். மதியம் சாப்பிட்டதும் ஒன்றரை மணி நேரம் கண்ணயர்வார். பாவம், படுக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அந்த இரக்கம்தான் தப்பு என்று தூக்கத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது.

நம் தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன என்று 1982இல் சூரிச்சில் பணியாற்றிய தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பேலி விளக்கினார். ஒன்று, விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளைக்குள் ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். மற்றொன்று, எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது என்று நேரம் குறிக்கும் உடல் கடிகாரம்.

அழுத்தத்தைப் பசி என்று வைத்துக்கொண்டால் எளிதாக விளங்கும். மூளைச் செல்கள் ஏடிபி என்ற எரிபொருளைச் செலவழிக்கின்றன. அது சிதையச் சிதைய அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. காலையில் எழுந்ததிலிருந்து இது கூடிக்கொண்டே போய், நம்மை விழிப்பாக வைத்திருக்கும் செல்களை மந்தமாக்குகிறது. தூங்கத் தூங்க இறங்குகிறது. சாயங்காலம் நாலு மணிக்கு நாலு போண்டா தின்றவருக்கு எட்டு மணிக்குச் சோறு இறங்காது. அதில் வயிற்றின் மேல் குற்றமில்லை. அம்மாவின் மதியத் தூக்கம் அந்த போண்டா. நாலு மணிக்கு எழுந்தவர் எட்டரைக்குப் படுக்கும்போது சேர்ந்திருப்பது நாலரை மணி நேரத்துப் பசிதான்.

டீயும் இதில்தான் விளையாடுகிறது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போம் அல்லவா, கஃபீன் மூளையில் செய்வது அதே வேலை. அடினோசின் போய் உட்கார வேண்டிய இருக்கைகளில் முந்திக்கொண்டு துண்டைப் போட்டுவிடும். அடினோசின் கூட்டம் உள்ளே நின்றுகொண்டிருக்கும், உட்கார இடமிருக்காது. அதனால் களைப்பு தெரியாது. குடித்த கஃபீனில் பாதி உடலை விட்டு வெளியேறச் சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும், ஆளுக்கு ஆள் இது வெகுவாக மாறும். ஆறு மணிக்குக் குடித்த டீயில் பாதி பதினொரு மணிக்கும் உள்ளே இருக்கிறது. “டீ குடிச்சாலும் எனக்குத் தூக்கம் வரும்” என்று சொல்பவர்களும் உண்டு. வரும், ஆனால் ஆழம் குறையும்.

உடல் கடிகாரம் இருப்பது கண்களிலிருந்து வரும் நரம்புகள் மூளைக்குள் ஒன்றையொன்று கடக்கிற இடத்துக்குச் சற்று மேலே. சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட சின்னஞ்சிறு கொத்து. தானாக ஓட விட்டால் அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். தினமும் அதைத் திருத்தி வைப்பது வெளிச்சம். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும், இரவு வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும். கொருக்குப்பேட்டை, புளியந்தோப்புச் சந்துகளில் ஜன்னலே இல்லாத அறைகள் எத்தனை! பகலிலும் ட்யூப்லைட்தான். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; அந்த அறையில் அது சில நூறு லக்ஸைத் தாண்டாது. வாசலுக்கு வந்து நின்றால், வெயில் மேலே படாத நிழலில்கூடப் பத்தாயிரம் லக்ஸ் இருக்கலாம். நள்ளிரவு வரை போனோடு கிடந்து, காலையில் எழ முடியாமல் தவிக்கிற பிள்ளைகளுக்கு எழுந்தவுடன் அரைமணி நேரம் வெளியே நிற்பது நல்ல மருந்து. அம்மாவுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். வயதாக ஆகக் கடிகாரம் முன்னுக்கு நகர்ந்து, தூக்கமும் விழிப்பும் சீக்கிரமே வந்துவிடுகின்றன. அதனால் அவருக்கு மாலை வெளிச்சம் நல்லது. ஐந்து மணிக்குக் கடலோரமாக ஒரு நடை போய்வரச் சொன்னேன்.

சரி, ஏன் இரண்டு மணி? பழக்கம் ஒரு பங்கு. இன்னொரு பங்கு தூக்கத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும், பின்னிரவில் கனவுத் தூக்கமும் மேலோட்டமான தூக்கமும்தான். ஒன்பதரைக்குத் தூங்கிய அம்மாவுக்கு இரண்டு மணிக்குள் ஆழமான பங்கு தீர்ந்துவிடுகிறது. அப்போது எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு லாரி பிரேக் அடித்தால் போதும். இரவில் சிலமுறை லேசாக விழிப்பது எல்லோருக்கும் நடப்பதுதான். புரண்டு படுத்து மறந்துவிடுகிறோம். விழித்ததும் மணி பார்த்து, “இன்னும் நாலு மணி நேரம் இருக்கே, எப்படித் தள்ளப்போறேன்” என்று நினைத்த மறுகணம் நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் ஓடிவிடுகிறது. அம்மாவின் தலைமாட்டில் இருந்த கடிகாரத்தை நான் முதலில் கழற்றியது அதற்காகத்தான்.

வடசென்னையின் புழுக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தூங்கப் போகும்போது உடலின் உள்வெப்பம் இறங்க வேண்டும், இரவு முழுக்கச் சேர்த்து ஏறத்தாழ ஒரு டிகிரி. அந்தச் சூடு வெளியேறும் முக்கிய வாசல்கள் உள்ளங்கையும் உள்ளங்காலும். கடல் ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை ஆவியாகாது, சூடு உடம்பிலேயே தங்கிவிடும். உடம்பின் மேல் காற்று நேராகப் படும்படி ஃபேனைத் திருப்பினால் வியர்வை காயும், அதன் ஓசையில் லாரிச் சத்தமும் கொஞ்சம் அமுங்கும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் சீக்கிரம் தூக்கம் வருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தோலுக்கு ரத்த ஓட்டம் கூடி, உள்ளிருக்கும் சூடு வெளியே வந்துவிடுகிறது. இந்த ஊரில் வெந்நீரா என்று முதலில் எனக்கும் தோன்றியது.

இனி சொல்லப்போவதுதான் அம்மாவுக்கு உண்மையில் உதவியது.

படுக்கையில் மாதக்கணக்கில் விழித்துக் கிடந்தால், படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளை கற்றுக்கொள்கிறது. டிவி முன்னால் உட்கார்ந்தபடி தூங்கி விழுகிறவர், பாயில் தலை வைத்ததும் தெளிந்துவிடுவது அதனால்தான். ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972இல் இதற்கு ஒரு வழி சொன்னார்: தூக்கம் வந்தால் மட்டும் படு, இருபது நிமிடம் போல ஆகியும் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போ, கண் சொருகினால் திரும்பி வா, எப்படித் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழு. படித்ததும் சோர்ந்துபோனேன். ஐந்து பேர் படுத்திருக்கும் ஒற்றை அறை வீட்டில் வேறு அறைக்கு எங்கே போவது?

விடை வீட்டிலேயே இருந்தது. கட்டிலை மறைக்க முடியாது, பாயைச் சுருட்டலாம். சுருட்டி மூலையில் சாய்த்துவிட்டால் படுக்கை என்ற ஒன்றே அங்கு இல்லை. அம்மாவிடம் சொன்னதும் உடனே பிடித்துக்கொண்டார். “ஆமா, பொரண்டுகினு கெடக்குறதுக்கு எந்திரிச்சி ரெண்டு பாத்திரமாச்சும் தேய்க்கலாம்.” விழிப்பு வந்தால் பாயைச் சுருட்டிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரிப்பார். பெரிய விளக்கைப் போடுவதில்லை. கண் அசந்தால் மறுபடி பாய்.

இதோடு ஒரு கணக்கும் சேர்ந்தது. இந்தக் கணக்கை 1987இல் முன்வைத்தவர் உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன். எட்டரை முதல் ஆறு வரை பாயில் இருப்பது ஒன்பதரை மணி நேரம். ஒரு வாரம் காலெண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துப் பார்த்ததில் தூங்கியது சுமார் ஐந்தரை. நூற்றுக்கு அறுபதுகூட இல்லை. ஐந்தரை மணித் தூக்கத்தை ஒன்பதரை மணி நீளத்துக்கு இழுத்தால் நடுவில் ஓட்டை விழத்தான் செய்யும். அதனால் பாயில் இருக்கும் நேரத்தை ஆறு மணி நேரமாகக் குறைத்தோம்: இரவு பதினொன்றிலிருந்து ஐந்து. மதியத் தூக்கம் கிடையாது. முதல் வாரம் கொடுமை. ஒன்பது மணிக்கே தலை தொங்கும். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தே பதினொன்று வரை ஓட்டினார். இரண்டாம் வாரம் அம்மா மூன்றரை வரை ஒரே மூச்சாகத் தூங்கினார். படுத்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கத் தொடங்கினால் பாயில் இருக்கும் நேரத்தைப் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொள்ளலாம்.

இந்த முறைகளையும், தூக்கம் பற்றிய பயத்தைப் பேசித் தெளிவாக்குவதையும் சேர்த்த சிகிச்சையைத்தான் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. மாத்திரையெல்லாம் அதற்குப் பிறகு. வாரத்துக்கு மூன்று இரவுகள், மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்டது. மெடிக்கலில் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது வேண்டாம். சில வகை மாத்திரைகள் விடமுடியாத பழக்கமாகிவிடும். வயதானவர்கள் இரவில் எழும்போது தடுமாறி விழுவார்கள். குவார்ட்டர் அடித்தால் சீக்கிரம் தூங்கலாம், உடல் அதைக் கரைத்து முடிக்கும் பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாகும்.

நேரத்தைக் குறைக்கும் முறை எல்லோருக்கும் பொருந்தாது. வலிப்பு உள்ளவர்கள், இருதுருவ மனநோய் (அளவுகடந்த உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) உள்ளவர்கள், லாரி, ஆட்டோ ஓட்டுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. குறட்டை நடுவில் மூச்சு நின்று திணறுகிறவருக்கும், படுத்ததும் கால் குடைச்சலில் ஆட்டிக்கொண்டே இருக்கிறவருக்கும் பிரச்சினை வேறு. கால் குடைச்சலுக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனையில் தெரியும். மனச்சோர்வால் தூக்கம் போனவர்களுக்கு அதற்கான சிகிச்சையும் வேண்டும். நம் பக்கத்தில் ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது.

அம்மா இப்போது பத்தேகாலுக்குப் படுக்கிறார். சில நாள் இரண்டு மணிக்கு விழிப்பு வரத்தான் செய்கிறது. “உங்கப்பா எழுப்பிட்டுப் போறாரு” என்று காலையில் சொல்வார். மற்ற நாட்களில் லாரி எத்தனை போனது என்று கேட்டால் தெரியாது என்கிறார்.