ரத்தத்தில் தெரியாததால் உடம்பில் இல்லை என்றாகாது

"அம்மாவுக்குச் சர்க்கரை. அப்புறம் காதும் மந்தமாயிடுச்சு. பாட்டிக்கும் அப்படித்தான் சார்." மரபணு ஆலோசனைக்கு வருகிறவர்கள் பலர் இதைக் கிளம்பும் நேரத்தில்தான் சொல்கிறார்கள். நான் முதலில் கேட்க விரும்புவதே இதைத்தான்.

செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக ஒரு குட்டி டிஎன்ஏ இருக்கிறது. மனிதரில் 16,569 எழுத்து நீளம், 37 மரபணுக்கள். அம்மாவிடமிருந்துதான் வருகிறது. ஒரே செல்லில் இதற்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிரதிகள் உண்டு. அத்தனையும் ஒன்றுபோல் இருக்கும் என்று சொல்ல முடியாது. சரியானதும் பிழையானதும் ஒரே உடம்பில் கலந்து கிடக்கலாம். ஹெட்டெரோபிளாஸ்மி என்பது இதுதான்.

மனிதருக்கு மட்டுமே உள்ள விஷயமும் அல்ல இது. ஒரே தாய்வழியில் வந்த ஹோல்ஸ்டீன் பசுக்களிடம் இந்த டிஎன்ஏ சில தலைமுறைகளுக்குள்ளேயே மாறிவிட்டிருந்ததை ஹாஸ்விர்த், லைபிஸ் என்ற ஆய்வாளர்கள் 1982-ல் காட்டினார்கள். கருமுட்டை உருவாகும் வழியில், தாயிடம் உள்ள கலவையிலிருந்து ஒரு சிறு பங்குதான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. பச்சரிசியும் புழுங்கலரிசியும் கலந்த மூட்டையில் ஒரு பிடி அள்ளுவது மாதிரி. பிடிக்குப் பிடி விகிதம் மாறும். ஒரே தாய்க்குப் பிறந்த அக்கா படுத்த படுக்கையாகவும் தம்பி நன்றாகவும் இருப்பது இதனால்தான்.

நடைமுறையில் நாங்கள் அடிக்கடி தேடுவது இந்த டிஎன்ஏவின் 3243-ஆம் இடத்தில் ஏ என்ற எழுத்து ஜி ஆகும் மாற்றத்தை. சிலருக்கு இது சர்க்கரையும் காது கேளாமையுமாக நின்றுவிடும். சிலருக்கு வலிப்பு, இளம் வயதிலேயே பக்கவாதம் போன்ற தாக்குதல் என்று மெலாஸ் நோயாக வரும். சிக்கல் என்னவென்றால், இந்த மாற்றத்தின் அளவு வயது ஏற ஏற ரத்தத்தில் குறைந்துகொண்டே போகும். தசையில் அப்படிக் குறைவதில்லை. ஐம்பது வயதுக்காரரின் ரத்த அறிக்கையில் 'மாற்றம் இல்லை' என்று வந்திருக்கும். அவருடைய சிறுநீரோடு உதிர்ந்து வரும் செல்களைப் பரிசோதித்தால் அதே மாற்றம் தெளிவாகத் தெரியும். ஊசிகூட வேண்டாம், ஒரு டப்பா சிறுநீர் போதும். இருந்தும் ரத்த அறிக்கையோடு கோப்பை மூடிவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

அதனால் உங்கள் குடும்பத்தில் அம்மா வழியில் சர்க்கரையும் செவித்திறன் குறைவும் சேர்ந்து வருகிறதென்றால், அதை மருத்துவரிடம் சேர்த்தே சொல்லுங்கள். ரத்தத்தில் இல்லை என்று வந்தால், சிறுநீரிலும் பார்க்கலாமா என்று கேளுங்கள். மாற்றம் உறுதியானால் இதயத்தையும் பரிசோதிக்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். லாக்டிக் அமிலம் கூடும் அபாயம் இருப்பதால் இவர்களுக்கு அதைத் தவிர்ப்பதுதான் வழக்கம். ஆனால் நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.

அறிக்கையில் உள்ள, மாறிய பிரதிகளின் சதவீதத்தை வைத்து நோய் எப்போது, எவ்வளவு வரும் என்று கணக்குப் போடவும் வேண்டாம். அந்த எண் பரிசோதித்த அந்தத் திசுவுக்கு மட்டுமே உரியது. மூளையிலும் இதயத்திலும் அது வேறாக இருக்கலாம். மகன்களையும் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இதைக் கடத்தப்போவதில்லை, சரி. ஆனால் அவர்களுக்கே நோய் வரலாம்.